கருணைக் கொலைச் சட்டம் எங்களுக்கு வேண்டாம்: மட்டக்களப்பு, அம்பாறையின் பன்னிரண்டு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பின் ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அம்பாறை மாவட்டமான திகாமடுல்லவின் ஏழு பேருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

கருணைக் கொலை இந்த நாட்டில் இன்றைக்கும் குற்றம்தான், அதை மாற்றச் சொல்லி யாரும் ஊர்வலம் போகவுமில்லை, பிறகு ஏன் இந்தக் கிழவி கிடந்து எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்ட நோயாளி தன் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் உதவலாம் என்ற சட்டமூலத்துக்கு 2025 ஜூனில் பிரிட்டனின் கீழ்ச்சபை 314க்கு 291 என்று ஆதரவாக வாக்களித்தது. அதிலிருந்து லண்டனிலிருந்து வரும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளிலும், செத்த வீட்டுப் பந்தலிலும், கிளினிக் வாங்கில் குந்தியிருப்பவர்களிடமும் இந்தக் கதை அடிபடுகிறது. "இஞ்சயும் அப்பிடி ஒரு சட்டம் வந்தா நல்லம், கிடந்து இழுபடத் தேவையில்ல" என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் தாயையோ தகப்பனையோ மாதக்கணக்கில் பார்த்துக் களைத்துப்போனவர்கள். ஊர்ப் பேச்சு மேடைப் பேச்சாகி, மேடைப் பேச்சு ஒரு நாள் தனிநபர் பிரேரணையாக உங்கள் சபைக்கு வரும். அப்போது கை தூக்குவதற்கு முன் படிக்க ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அரச வைத்தியசாலைகளில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருக்கிறேன். இப்போதும் அக்கம்பக்கத்தில் புண்ணுக்கு மருந்து கட்டவும், சிறுநீர் டியூப் அடைத்துக்கொண்டால் பார்க்கவும் கூப்பிடுவார்கள், போவேன். "புள்ள, ஒரு ஊசியப் போட்டு என்ன அனுப்பி உடு" என்று எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் உண்மையாகவே சாகத்தான் கேட்கிறார்களா என்றால், சிலர் ஆம். பலருக்கு வேறு ஏதோ தேவையாக இருந்தது, அதை நாங்கள் கொடுக்கவில்லை.

ஒருவரைச் சொல்கிறேன். வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் போட்டே வயல் வேலை செய்தவர். நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான், நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கன்னம் உடைந்து வெளியே வந்துவிட்டது. அவரைக் குசினிக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் போட்டிருந்தார்கள், காரணம் மணம். வீட்டுக்குள் சோறு தின்ன முடியாது, பேரப்பிள்ளைகள் கிட்டப் போவதில்லை, மகள் மட்டும் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கஞ்சி ஊற்றுவாள். நான் போன அன்று அவர் கேட்டது அந்த ஊசியைத்தான், பேச்சு வராது, கையால் காட்டினார். வலிக்கு அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது பனடோல். ஆம், பனடோல்! வைத்தியரிடம் பேசி, கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பீன் குளிசை எழுதி வாங்கி, நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நித்திரையில் இருந்தாலும் எழுப்பிக் கொடு என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மணத்துக்கும் மருந்து இருக்கிறது, விலை உயர்ந்தது ஒன்றுமில்லை: மெட்ரோனிடசோல் குளிசையை அரைத்துப் புண்ணில் தூவிக் கட்டுவது, வைத்தியர் சொல்லித்தான், உப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகு. கொஞ்ச நாளில் மணம் அடங்கியது. சாய்ப்பில் இருந்து விறாந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசிப் பேரன் பக்கத்தில் குந்தியிருந்து அவரது போனில் கேம் விளையாடுவான், அவர் அவனது முதுகைச் சொறிந்துகொண்டிருப்பார். பிறகு சில கிழமைகளில் போய்விட்டார், நோய் நின்றுவிடவில்லையே. ஆனால் ஊசி கேட்டுக் கையைக் காட்டியது அந்த முதல் நாளோடு சரி.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் கதை விட வரவில்லை. குளிசை முடிந்துபோய், அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்களும் இருக்கிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவி கடந்துதான் மருந்துக்குப் போக வேண்டும் எங்கள் ஆட்கள். இப்போது பாலம் இருக்கிறது, ஆனால் பாலத்தின் அந்தப் பக்கத்தில் குளிசை இருக்க வேண்டுமே. 2022இல் டொலர் இல்லாமல் நாடே மருந்துக்கு வரிசையில் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வருடத்தில் நம்மிடம் ஒரு கருணைக் கொலைச் சட்டம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் மருந்து இல்லை, வலிக்கு மருந்து இல்லை, அனுப்பி வைக்கும் ஊசி மட்டும் இருக்கிறது! வேறு வழியே இல்லாதவரிடம் ஒரு வழியை மட்டும் காட்டிவிட்டு அதை அவருடைய விருப்பம் என்று பதிவேட்டில் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது, வலியை விடப் பெரிய விசயம். சுமை. "என்னால உங்களுக்கெல்லாம் கரச்சல்" என்ற வார்த்தையைக் கேட்காத நோயாளி வீடு நம் மாவட்டங்களில் இல்லை. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் 1997இல் இருந்து இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, ஏன் கேட்டார்கள் என்று வருடா வருடம் அறிக்கை போடுகிறார்கள். அதில் முன்னுக்கு நிற்பது வலி இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியவில்லை, வாழ்க்கையில் சந்தோசப்பட்ட எதையும் செய்ய முடியவில்லை என்பவைதான் முதலில் வருகின்றன. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன் என்பது வலியை விட மேலே நிற்கும் வருடங்கள் பல. காசும் வசதியும் உள்ள நாட்டிலேயே இந்த நிலைமை.

இங்கே எப்படி? நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், தமிழரும் சரி சோனகரும் சரி, வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துத்தான் கட்டிக் கொடுக்கிறோம். மறுகா தாயும் தகப்பனும் தாங்கள் கட்டிய வீட்டிலேயே மகளின் விருந்தாளி, இல்லாவிட்டால் அதே வளவின் மூலையில் ஒரு சின்னக் குடில். நடமாட்டம் உள்ளவரைக்கும் இது நல்ல ஏற்பாடு, மகளின் கையால் தண்ணீர் குடிக்கும் பாக்கியம் வேறு யாருக்கு இருக்கிறது. படுக்கையில் விழுந்த பிறகுதான் பெத்தாவின், அதாவது பாட்டியின், மனதில் கணக்கு ஓடத் தொடங்கும். மகளின் நகை அடகுக்குப் போனது என் மருந்துக்காக. மருமகன் முகம் சரியில்லை. பேத்தி ஏ.எல். படிக்கிறாள், இரவெல்லாம் நான் அனுங்குகிறேன். மகள் மத்திய கிழக்கில் வேலை செய்தால் பம்பஸ் வாங்கவும் ஆள் வைக்கவும் அனுப்புகிற காசு, பேத்தியின் சீதன வீட்டுக்குப் போக வேண்டிய காசு. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவவே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவா. இப்போது அவவுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: என்ன நினைத்தாலும் வேறு வழி கிடையாது, கடைசி மூச்சு வரைக்கும் பார்க்கத்தான் வேண்டும், அது அவவின் முடிவும் இல்லை மகளின் முடிவும் இல்லை. சட்டம் வந்த அடுத்த நாள், உயிரோடு இருப்பதே அவவின் முடிவாகிவிடும். ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று யாரும் கேட்காவிட்டாலும், அந்தக் கேள்வி அவவின் கட்டிலடியில் கிடக்கும்.

தென் தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று இருந்ததையும் 2010 அளவில் அது செய்தியானதையும் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பமே கூடி முடித்து வைப்பது. அதைச் செய்தவர்களும் அரக்கர்கள் இல்லை, அவஸ்தைப்படுகிறார், பாவம் என்றுதான் சொன்னார்கள். சட்டமே இல்லாமல் இவ்வளவு தூரம் போக முடியும் என்றால்...

சரி, ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் எதிர்ப்பக்கத்தார் நம்மை மடக்கப் பார்ப்பார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகும் நெஞ்சை அமுக்கி, குழாய் விட்டு, மெசினில் போட்டு வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நோயாளி சிகிச்சை வேண்டாம் என்றால் வேண்டாம். ஐ.சி.யு.வில் இருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்தக் கட்டிலில் கிடத்துங்கள் என்று நானே எத்தனையோ குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன். மோர்பீன் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று வைத்தியர்களே பயப்படுவதுண்டு. அளவறிந்து படிப்படியாகக் கொடுத்தால் அது ஆளைக் கொல்வதில்லை. நோய் கொண்டுபோக விடுவது ஒன்று, நாம் ஊசி ஏற்றி முடிப்பது இன்னொன்று. அந்த ஊசியை ஏற்றப்போகும் கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும், எம்.பி.யுடையது இல்லை. இது தாதிகளுக்குத் தெரியும்.

அருணா ஷான்பாக்கைப் பற்றிச் சொல்லாமல் ஒரு தாதியால் இதை எழுத முடியாது. மும்பை கே.ஈ.எம். வைத்தியசாலைத் தாதி, 1973இல் அங்கேயே தாக்கப்பட்டு மூளை பாதித்து நினைவிழந்து கிடந்தவர். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு வெளியாள் ஒருவர் போட்ட மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. வேண்டாம் என்று நின்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்ட தாதிகள். அதே தீர்ப்புத்தான் நம்பிக்கையற்ற நோயாளிக்குக் கடும் நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் சொன்னது, அதையும் மறைக்கவில்லை. 2015இல் நிமோனியா வந்து இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், தலைமுறை தலைமுறையாகத் தாதிகள் மாறி மாறிப் பார்த்தார்கள். அவ்வளவு காலம் கிடந்தவருக்கு ஒரு படுக்கைப்புண் இல்லை என்று நீதிமன்றமே குறிப்பிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

"என் உயிர், என் உரிமை" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம் நாடு ஏற்கெனவே ஒரு பதிலைக் கண்டுபிடித்திருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று இலங்கை. வயல் பக்கத்து வைத்தியசாலையில் வேலை செய்தவர்களுக்கு அந்த வாட்டுகள் இன்னும் கனவில் வரும். அப்புறம் 1995இலும் 1998இலும், பிறகு 2008இல் தொடங்கியும், கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1998இலேயே தற்கொலைக்கு முயல்வதைக் குற்றப் பட்டியலில் இருந்தும் எடுத்தார்கள், தப்பி வந்தவரைப் பொலிஸ் பிடிக்காது, வைத்தியர் பார்ப்பார் என்று ஆனது. விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறங்கியது. நெல் விளைச்சல் படுத்துவிடவுமில்லை. அந்தக் கெட்ட மணித்தியாலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாவிட்டால் ஆள் தப்புவார், தப்பியவர்களில் பெரும்பாலானவர் பிறகு அந்தப் பக்கம் போவதில்லை. அவர்கள் எங்கள் சந்தையில் மரக்கறி விற்கிறார்கள், பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறார்கள். இன்றைக்கும் மனம் உடைந்தவர் 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் ஒருவர் பேசக் கிடைப்பார், அதை உங்கள் மேடைகளில் ஒரு தடவையாவது சொல்லுங்கள். இருபது வயதுக்காரன் சாக வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுக்கிறோம், எழுபது வயதுக்காரி அதையே சொன்னால் படிவத்தை நீட்டுவதா? இரண்டு பேரின் உயிருக்கும் ஒரே விலைதான் என்று சொல்லும் அரசு அப்படிச் செய்ய முடியாது.

கடுமையான நிபந்தனை போட்டால் சரிதானே என்பார்கள். கனடாவைப் பாருங்கள், உங்கள் வாக்காளர்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். 2016இல் மரணம் கிட்ட வந்தவர்களுக்கு மட்டும் என்று தொடங்கினார்கள். 2021இல் மரணம் கிட்ட வந்திருக்கவே தேவையில்லை, தீராத நோயோ ஊனமோ இருந்தால் போதும் என்றாக்கினார்கள். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கும் என்பதைப் பலதரம் ஒத்திவைத்து 2027க்குத் தள்ளியிருக்கிறார்கள். 2023இல் மட்டும் 15,000 பேருக்கு மேல் இந்த வழியில் போனார்கள், அந்நாட்டில் இறந்தவர்களில் இருபதில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பெல்ஜியம் 2002இல் பெரியவர்களுக்கென்று தொடங்கி 2014இல் சிறுவர்களுக்கும் திறந்தது. கனடாவின் அந்த 2021 பகுதியை நீக்கச் சொல்லி மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. குழு 2025இல் சொன்னது, அது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. யுத்தத்தில் முள்ளந்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருபது முப்பது வருடமாகக் குடும்பம் நடத்தும் ஆட்கள் நம் மாவட்டங்களில் எத்தனை பேர். உன்னைப் போல இருப்பதே சாவதற்குப் போதுமான காரணம் என்று அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்தால், அவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள்?

இன்னும் ஒன்று, நம் அரசைப் பற்றி. தூக்குத் தண்டனை சட்டத்தில் இருந்தும் 1976க்குப் பிறகு இந்த நாடு ஒருவரையும் தூக்கில் போடவில்லை, கொலைகாரனைக் கூட. அதே அரசு குற்றமே செய்யாத நோயாளியின் கோப்பில் ஒப்பமிட்டு ஆளை முடிக்க வேண்டுமா? அதுவும் இந்த மண்ணில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று இன்றும் வீதியில் நிற்கும் தாய்மார் இருக்கும் ஊரில். கொழும்புப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதை வீட்டுக்கு வந்து வைத்தியசாலையில் எழுதிக் கொடுத்த துண்டை எங்களிடம் காட்டிய பிறகுதான் அறிந்தாள். கையெழுத்து அவளுடையதுதான், படிவம் சிங்களத்தில். கருப்பைக்கே இந்தச் சம்மதம் என்றால் உயிருக்கு?

மதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கோயில், பள்ளி, தேவாலயம், விகாரை எல்லாம் இதில் தங்கள் பங்கைச் சொல்லும், அவர்களுக்கு என் உதவி தேவையில்லை.

கஷ்டமான ஒரு கேள்வியை மட்டும் தாண்டிப் போக மாட்டேன். நரம்பு நோயால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாமல், மூளை மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக, நல்ல பராமரிப்பும் அன்பான பிள்ளைகளும் இருந்தும், போதும் என்று கேட்கிறவர் இருக்கிறார். அவரிடம் நான் போய் வாழ்க்கையின் அருமையைப் பிரசங்கம் பண்ண மாட்டேன். கடைசி நாட்களில் தாங்கவே முடியாத மூச்சுத்திணறல் வந்தால் ஆழ்ந்த நித்திரையில் வைக்கலாம், அதற்கு முறை இருக்கிறது. அதுவும் போதாது என்றால் அவருக்குத் திருப்தி தரும் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அவரை நினைத்து எழுதும் சட்டத்தில் அவர் பெயர் இருக்காது, குடிலில் கிடக்கும் பெத்தாவும் அதே பந்திக்குள் வந்துவிடுவா. அவருக்குக் கிடைக்காமல் போவது பெரிதா, அவவிடம் இருந்து பறிபோவது பெரிதா என்றால், நான் பெத்தாவின் பக்கம்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன், சட்டமூலத்தை விட இது லேசான வேலை. வலி தணிக்கும் பராமரிப்பை வளர்க்க 2019-2023 காலத்துக்கென்று ஒரு தேசியத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு போட்டது. அதில் நம் இரண்டு மாவட்டத்துக்கும் என்ன வந்தது, காலம் முடிந்த பிறகு என்ன என்று சபையில் கேளுங்கள். கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சின்னக் கிளினிக்காகத் தொடங்கியதை, தாதியும் தொண்டர்களும் வீடு வீடாகப் போகும் அளவுக்கு வளர்த்து, 2008இல் மாநில அரசே கொள்கையாக்கி ஊராட்சிகளிடம் கொடுத்தது. அவர்கள் பணக்காரர்கள் இல்லை. மோர்பீன் குளிசையும் விலை கூடிய சாமான் இல்லை, பிரச்சினை அனுமதியும் கொள்வனவும் பயமும்தான். பிரதேச வைத்தியசாலை மட்டத்தில் அதை வைக்க வேண்டும், எழுதிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவராவது இருக்க வேண்டும், ஒரு வாகனமும் ஒரு தாதியும் கிழமைக்கு ஒரு தரம் வயல் பாதைகளுக்குள் வர வேண்டும். தாயைப் பார்ப்பதற்காகக் கூலி வேலையை விட்ட மகளுக்கு ஏதாவது ஒரு கொடுப்பனவு. படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுக்க என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம், சம்பளம் கேட்க மாட்டோம், ஓட்டோச் செலவைத் தந்தால் போதும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதானால் நீண்ட பதில் வேண்டாம். உங்கள் தொகுதியில் இருக்கும் வைத்தியசாலைகளில் எவற்றில் இன்றைய திகதிக்கு மோர்பீன் குளிசை கையிருப்பில் இருக்கிறது, எத்தனை நாளைக்குப் போதும் என்று கேட்டு அந்தப் பட்டியலை மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
படுவான்கரை